பெங்களூருவில் வாடகை வீடு: முன்பணம் கொடுக்கும் முன் தெருவின் பாதுகாப்பை அறிவது எப்படி?

பெங்களூரு (கர்நாடகா): 2025 ஏப்ரல் 3ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்பு, பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டை ஒட்டிய சுத்தகுண்டேபாளையா பகுதியில், குறுகலான குடியிருப்புத் தெரு ஒன்றில் இரண்டு பெண்கள் நடந்து சென்றுகொண்டிருந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து வந்த நபர் ஒருவர், அவர்களில் ஒருவரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டுவிட்டுத் தப்பியோடினார். தெருவின் இருபுறமும் வீடுகள். வாசல்தோறும் நிறுத்தப்பட்ட வாகனங்கள். ஆனாலும் இந்தச் சம்பவத்தை வெளியுலகுக்குச் சொன்னது அங்கிருந்த கண்காணிப்புக் கேமரா மட்டுமே. பாதிக்கப்பட்டவர்கள் புகார் அளிக்காத நிலையில், காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவிய பிறகு காவல் துறை வழக்குப் பதிவு செய்தது. நூற்றுக்கணக்கான கேமராக்களின் பதிவுகளை ஆராய்ந்து, சந்தேக நபர் பின்னர் கேரளாவில் கைது செய்யப்பட்டார்.

பெரிய நகரங்களில் இதுபோன்ற சம்பவங்கள் ஆங்காங்கே நடப்பதுண்டு என்ற பொருளில் மாநில உள்துறை அமைச்சர் ஜி.பரமேஸ்வரா தெரிவித்த கருத்து அப்போது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. தமது பேச்சு திரிக்கப்பட்டதாகக் கூறிய அவர், பின்னர் வருத்தமும் தெரிவித்தார். அரசியல் சர்ச்சை ஓய்ந்துவிட்டது. ஆனால், வேலைக்காகவும் படிப்புக்காகவும் தமிழகத்திலிருந்து பெங்களூரு சென்று வீடு தேடும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்தச் சம்பவம் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. தரகர் காட்டும் வீடு அமைந்துள்ள தெரு பாதுகாப்பானதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்குப் பெங்களூருவில் கூடுதல் அழுத்தம் இருக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரத்தின் நெடுநாள் வழக்கம். ஐந்து, ஆறு மாதங்களுக்குச் சம்மதிக்கும் உரிமையாளர்களும் உண்டு. மாதம் 25,000 ரூபாய் வாடகை என்றால், பத்து மாதக் கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய் முடங்கிவிடும். குடியேறிய இரண்டாம் வாரத்தில் தெரு சரியில்லை என்று தெரிந்தாலும், அந்தத் தொகையை விட்டுவிட்டு வெளியேற முடியாது. முதல் வேலையில் சேர்ந்த ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ, அது பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த பணமாகவோ வங்கிக் கடனாகவோ இருக்கும்.

புள்ளிவிவரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

வீடு தேடுவோர் முதலில் நாடுவது குற்றப் புள்ளிவிவரங்களை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களின் விவரங்களைத் தனியாக வெளியிட்டு வருகிறது. ஆனால் அது பெங்களூரு நகரம் முழுமைக்கும் ஒரே எண்ணாகத்தான் கிடைக்கும். கோரமங்களாவையும் கெங்கேரியையும் அதில் பிரித்துப் பார்க்க இயலாது. ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தாலும், அவற்றில் முதன்மையானது மட்டுமே கணக்கில் சேரும். குற்றம் அதிகரிப்பதும் குற்றப் பதிவு அதிகரிப்பதும் வெவ்வேறு என்று காப்பகமே எச்சரிக்கிறது. புகார்களை மறுக்காமல் பதிவு செய்யும் காவல் நிலையத்தின் எல்லை, எண்களில் மோசமான பகுதியாகத் தோன்றக்கூடும்.

சுத்தகுண்டேபாளையா வழக்கு இதற்கு நேர் உதாரணம். கேமரா இல்லாதிருந்தால் அந்த ஆண்டின் கணக்கில் அது இடம்பெற்றிருக்காது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதத்தினர் மட்டுமே. காவல் நிலையம் வரை செல்பவர்கள் அதிலும் ஒரு சிறு பகுதியினர்.

ஆயினும் ஒரு வழி உண்டு. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7ஆம் தேதி உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கர்நாடக காவல் துறையின் இணையதளத்தில், காவல் நிலையத்தைக் குறிப்பிட்டு முதல் தகவல் அறிக்கைகளைத் தேடும் வசதி உள்ளது. குடியேற எண்ணும் பகுதி எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை அறிந்து, சில மாதங்களின் பதிவுகளைப் பார்த்தால், அங்கு இருசக்கர வாகனத் திருட்டு அதிகமா, பூட்டிய வீடுகளை உடைக்கும் சம்பவங்கள் அதிகமா, சங்கிலிப் பறிப்பு அதிகமா என்ற பொதுவான சித்திரம் கிடைக்கும். பெண்களுக்கு எதிரான குற்றங்கள் அதில் தெரியாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

தெருவை நடந்து அளக்கும் முறை

எண்கள் கைவிடும் இடத்தில் கால்கள்தான் உதவும். தெருக்களை நடந்து மதிப்பிடும் 'பாதுகாப்புத் தணிக்கை' என்ற முறை 1989ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பெண்கள் அமைப்பு ஒன்றால் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் டெல்லியைச் சேர்ந்த ஜாகோரி அமைப்பு அதைப் பின்பற்றியது. கல்பனா விஸ்வநாத், ஆஷிஷ் பாசு ஆகியோர் 2013இல் தொடங்கிய 'சேஃப்டிபின்' செயலி அதே முறையைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. வெளிச்சம், திறந்தவெளி, வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் தெரு கண்ணில் படுதல், மக்கள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, தெருவைப் பெண்கள் எந்த அளவு பயன்படுத்துகிறார்கள் என்பது, நடப்பவருக்கு ஏற்படும் உணர்வு ஆகிய ஒன்பதும் அதன் அளவுகோல்கள்.

இவை ஒன்பதும் ஒரே எடை கொண்டவை அல்ல. வீடுகளும் கடைகளும் தெருவைப் பார்த்தபடி இருப்பதே முதன்மையானது எனலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் தெருவின் கண்கள் என்று வர்ணித்தார். திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டி செய்யும் வேலையை விளக்கத் தமிழர்களுக்கு அமெரிக்க நூல் தேவைப்படாது. ஆனால் திண்ணைகள் மறைந்து, சுற்றுச்சுவர்கள் உயர்ந்துவிட்ட காலத்தில் அந்தக் கண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அல்சூர், மல்லேஸ்வரம் போன்ற பழைய பகுதிகளில் மளிகைக் கடை, தர்ஷினி உணவகம், மருந்துக் கடை, கோயில் என ஏதாவது ஒன்று இரவு வரை விழித்திருக்கும். புறநகரில் முளைத்துள்ள பல புதிய லேஅவுட்களில், வளாகத்தின் உள்ளே எல்லா வசதிகளும் இருக்கும். வாசலைத் தாண்டினால் நூறு மீட்டருக்கு வெறும் மதிற்சுவர். அந்த நூறு மீட்டரைப் பற்றி வீட்டு விளம்பரத்தில் ஒரு சொல்லும் இருக்காது.

எனவே வீட்டைப் பகலில் ஒருமுறை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வேலை நாளின் மாலை 7 மணிக்கு ஒருமுறையும், இரவு பத்தரை மணிக்கு மேல் துணையுடன் ஒருமுறையும், மெட்ரோ நிலையத்திலிருந்தோ பேருந்து நிறுத்தத்திலிருந்தோ வீட்டு வாசல் வரை நடந்து பார்ப்பது பல சந்தேகங்களைத் தீர்க்கும். வரைபடச் செயலி ஒன்பது நிமிட நடை என்று காட்டும் பாதையில் எத்தனை விளக்குக் கம்பங்கள் உள்ளன என்பதல்ல, எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பதே கணக்கு. இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருள் எவ்வளவு நீள்கிறது, புதர் மண்டிய காலி மனைகள் எத்தனை, கட்டுமானம் பாதியில் நிற்கும் கட்டடங்கள் உண்டா, கடைகள் எத்தனை மணிக்கு இறங்குகின்றன, அந்நேரத்தில் பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். தமிழகத்திலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் மடிவாளா, சில்க் போர்டு, பொம்மனஹள்ளி பகுதிகளில் விடியுமுன்பே பயணிகளை இறக்கிவிடுவது வழக்கம். மாதம் ஒருமுறை ஊருக்குச் சென்று திரும்புவோர் அந்த அதிகாலை 5 மணித் தெருவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தெருநாய்களும் அந்நேரத்தில்தான் பெரும் தொல்லை. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அப்போதைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 2.79 லட்சம் தெருநாய்கள் இருந்தன.

யாரிடம் கேட்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. தரகரும் உரிமையாளரும் "இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை" என்றே சொல்வார்கள். பெட்டிக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பக்கத்துக் கட்டடத்தின் இரவுக் காவலாளி, அதே தெருவில் வசிக்கும் பணிபுரியும் பெண்கள் ஆகியோரின் பதில்களே பயனுள்ளவை. இவர்களில் பலருடன் தமிழிலேயே பேசிவிடலாம் என்பது பெங்களூருவின் வசதி. பாதுகாப்பான பகுதியா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கடைசியாக இந்தத் தெருவில் வண்டி காணாமல் போனது எப்போது, இரவு பத்து மணிக்குப் பிறகு எந்த வழியாக வருகிறீர்கள், எந்த வழியைத் தவிர்க்கிறீர்கள், அழைத்தால் காவல் துறை ரோந்து வாகனம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்று குறிப்பாகக் கேட்டால் உண்மை வெளிவரும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பகுதியின் பாதுகாப்பு பற்றிய பேச்சு, பல நேரங்களில் அங்கு வசிப்போரின் சாதி, மதம், வருமானம் பற்றிய முன்முடிவாக மாறிவிடுகிறது. குடிசைப் பகுதியை ஒட்டிய தெரு என்பதாலேயே அது ஆபத்தானது ஆகிவிடாது. இரவு 11 மணிக்கும் வாசலில் ஆட்கள் அமர்ந்து பேசும் தெருவாகவும் அது இருக்கலாம். வாடகை அதிகம் என்பது பாதுகாப்புக்கான சான்றும் அல்ல.

கேமரா பதிவு செய்யும், தடுக்காது

2024 ஜூலை 23ஆம் தேதி இரவு, கோரமங்களாவில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குள் நுழைந்த நபர், அங்கு தங்கியிருந்த பீகாரைச் சேர்ந்த 24 வயதுப் பெண்ணைக் கத்தியால் குத்திக் கொலை செய்தார். விடுதியில் கேமரா இருந்தது. கொலை முழுவதும் அதில் பதிவானது. குற்றம் சாட்டப்பட்டவர் சில நாட்களில் மத்தியப் பிரதேசத்தில் பிடிபட்டார். அவர் வழிப்போக்கர் அல்லர், தோழி வழியாக அறிமுகமானவர் என்று காவல் துறை தெரிவித்தது. கோரமங்களா நகரின் வசதியான, பரபரப்பான பகுதிகளில் ஒன்று. அன்றிரவு இல்லாமற்போனது, வாசலில் நின்று "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்க ஓர் ஆள்.

அதற்கு அடுத்த மாதம் பெங்களூரு மாநகராட்சி, பேயிங் கெஸ்ட் விடுதிகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. நுழைவு, வெளியேறும் வழிகளில் கேமரா, 90 நாட்களுக்குப் பதிவுகளைச் சேமித்தல், 24 மணி நேரமும் பொறுப்பாளர், ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவை அதில் இடம்பெற்றன. விடுதியில் சேர விரும்புவோர் உரிமத்தின் நகலைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காட்டத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

நகர அளவிலும் கேமராக்கள் பெருகியுள்ளன. நிர்பயா நிதியின் கீழ் டெல்லி, சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் செயல்படுத்தப்படும் பாதுகாப்பான நகரத் திட்டத்தில், பெங்களூருவில் 7,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டு, 2023 நவம்பரில் கட்டுப்பாட்டு மையமும் திறக்கப்பட்டது. இவை பெரும்பாலும் முக்கியச் சாலைகளிலும் பொது இடங்களிலும் உள்ளவை. உட்புறக் குறுக்குத் தெருக்களில் பெரும்பாலும் தனியார் வீடுகளின் கேமராக்களே துணை.

கம்பிவலையும் தீயும் வெள்ளமும்

திருட்டுக்கு அஞ்சிச் செய்யும் ஏற்பாடே உயிரைப் பறித்த நிகழ்வும் இந்நகரில் நடந்தது. 2021 செப்டம்பர் 21ஆம் தேதி, பன்னேர்கட்டா சாலையை ஒட்டிய தேவரசிக்கனஹள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தது. தாயும் மகளும் உயிரிழந்தனர். பால்கனி முழுவதையும் கம்பிகள் மூடியிருந்ததால் வெளியேற முடியாமல் ஒருவர் சிக்கிக்கொண்ட காட்சியை எதிரே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. வீடு பார்க்கும்போது, உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு பால்கனிக் கம்பிகளில் ஒன்றிலாவது உள்ளதா, இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது பழைய சாமான்களால் அடைபட்டிருக்கிறதா, தீயணைப்பு வாகனம் நுழையும் அகலம் தெருவுக்கு உண்டா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். 30க்கு 40 அடி மனைகளில் ஐந்து, ஆறு மாடிகள் எழுப்பி ஒற்றையறை வீடுகளாக வாடகைக்கு விடும் கட்டடங்கள் நகரெங்கும் உள்ளன. 2024 அக்டோபர் 22ஆம் தேதி பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தபோது, அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதல் மாடிகள் கட்டப்பட்டதும் தெரியவந்தது.

மழை மற்றொரு சோதனை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் சர்ஜாபூர் சாலை, எமலூர், பெல்லந்தூர் பகுதிகள் மூழ்கின. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வீடுகளிலிருந்து மக்கள் படகுகளிலும் டிராக்டர்களிலும் வெளியேறினர். அப்போது வொயிட்ஃபீல்டு அருகே சித்தாபுராவில், தேங்கிய நீரில் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண், மின்கம்பத்தைப் பிடித்தபோது மின்சாரம் பாய்ந்து உயிரிழந்தார். 2025 மே மாத மழையில் ஹொரமாவு சாய் லேஅவுட் மீண்டும் மூழ்கியது. பிடிஎம் லேஅவுட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்ற முதியவரும், அங்கிருந்த 12 வயதுச் சிறுவனும் மின்சாரம் பாய்ந்து இறந்தனர்.

ஏரிகளை இணைக்கும் 'ராஜகாலுவே' எனப்படும் மழைநீர் வாய்க்கால்களை ஒட்டிய இடங்களிலும், அவை ஆக்கிரமிக்கப்பட்ட இடங்களிலும் நீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பது. மதிற்சுவரில் படிந்த நீர்க்கோடு, உயர்த்திக் கட்டப்பட்ட வாசற்படி, தரைத்தள வீட்டின் சுவரில் புதிதாகப் பூசிய வண்ணம் ஆகியவை உரிமையாளர் சொல்லாததைச் சொல்லும். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் 'மேக சந்தேஷா' செயலியில் பகுதிவாரியான மழை, வெள்ள நிலவரம் கிடைக்கிறது.

முகவரியும் ஒப்பந்தமும்

பெங்களூருவின் முகவரிகள் 'மெயின்', 'கிராஸ்' எண்களால் ஆனவை. ஏழாவது கிராஸ் என்ற பெயரில் அதே லேஅவுட்டின் வெவ்வேறு பிளாக்குகளில் பல தெருக்கள் இருக்கும். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்கும்போது லேஅவுட், ஸ்டேஜ் அல்லது பிளாக், மெயின், கிராஸ், அருகிலுள்ள அடையாளம் என்ற வரிசையில் முகவரியைச் சொன்னால்தான் 'ஹொய்சளா' ரோந்து வாகனம் சரியான தெருவுக்கு வரும். குடியேறும் முதல் நாளிலேயே வீட்டில் உள்ள அனைவரும் இதை மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

சட்டப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூருவில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று நகரில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் அந்த வரம்புக்கு மேல்தான். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகையாக வரையறுக்கிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றால் மட்டுமே அது செல்லும். தமிழகத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாத வாடகை என்ற வரம்பு உள்ளது. பெங்களூருவில் வாடகைதாரருக்கு உள்ள முதன்மையான பிடிமானம், கையெழுத்திடும் 11 மாத ஒப்பந்தப் பத்திரமே.

ஆகவே, எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேறலாம், முன்பணம் எத்தனை நாட்களில் திரும்பக் கிடைக்கும், குறைந்தபட்சத் தங்கும் காலம் உண்டா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். பாதுகாப்புப் பிரச்சினை அல்லது வெள்ளத்தால் வீட்டில் வசிக்க முடியாத நிலை ஏற்பட்டால் அந்தக் குறைந்தபட்சக் காலம் பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்கலாம். எல்லா உரிமையாளர்களும் சம்மதிப்பதில்லை, ஆனால் கேட்பதில் இழப்பு இல்லை. வீட்டை நேரில் காணாமல், 'டோக்கன்' தொகை என்ற பெயரில் இணையம் வழியே பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனடியாக 1930 என்ற எண்ணில் புகார் செய்தால் தொகையை முடக்கி வைக்க வாய்ப்புள்ளது.

வாடகைதாரரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் அளிக்குமாறு உரிமையாளர்களைக் காவல் துறை கேட்டுக்கொள்கிறது. முன்பு குடியிருந்தவரிடமும் தரகரிடமும் வாசற்கதவின் சாவி எத்தனை உள்ளது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. சாமான்கள் வந்து இறங்கும் நாளிலேயே, உரிமையாளரின் அனுமதியுடன் பூட்டை மாற்றிவிடுவதற்குச் சில நூறு ரூபாயே செலவாகும்.